வீட்ல கட்டுன ட்யூப் ஆம்ப்ல ஒவ்வொரு ஹெட்ஃபோனும் ஒவ்வொரு மாதிரி பாடுது, தப்பு ஆம்ப்லயா ஹெட்ஃபோன்லயா?

நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிச்சு சொல்லுங்க.

போன தீபாவளி லீவுல ஆரம்பிச்ச ட்யூப் ஹெட்ஃபோன் ஆம்ப் ஒரு வழியா இந்த மாசம் முடிஞ்சு பாட ஆரம்பிச்சிருச்சு. முன்னாடி ஒரு 12ஏயூ7 ட்யூப், அதோட ப்ளேட்ல (சிக்னல் வெளிய வர்ற முனை) இருந்து நேரா 6080ங்கற பவர் ட்யூபோட க்ரிட்டுக்கு (சிக்னல் உள்ள போற முனை), 6080ஓட கத்தோட்ல இருந்து 33 மைக்ரோஃபேரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் வழியா ஜாக்குக்கு, அவ்வளவுதான் சர்க்யூட். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. கத்தோட் ரெசிஸ்டர் 3கே, கத்தோட்ல 100 வோல்ட் நிக்குது, அப்ப ஒரு பக்கத்துக்கு 33 மில்லி ஆம்ப் ஓடுது. பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் இங்க கோயமுத்தூர்லயே வைண்டிங் கடையில சொல்லி சுத்தி வாங்கினேன், 6080க்கு ஹீட்டர் மட்டுமே 6.3 வோல்ட்ல 2.5 ஆம்ப் இழுக்கும்ங்கறதால ரெடிமேட்ல சரியா எதுவும் அமையல. மத்த சாமான் எல்லாம் ரெண்டு தடவை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் அலைஞ்சு வாங்கினது.

எங்கப்பா சின்ன வயசுல கேட்ட வால்வு ரேடியோ பத்தி பேசாத நாள் இல்ல, மிருதங்கத்தோட தொப்பி (இடது பக்கம்) சத்தம் அதுல வர்ற மாதிரி இப்ப எதுலயும் வர்றதில்லன்னு சொல்லிட்டே இருப்பாரு, அவருக்காகத்தான் இத கட்ட ஆரம்பிச்சதே. முதல் நாள் என்கிட்ட இருக்கற சென்ஹைசர் எச்டி 600 போட்டு அவருக்கு ஒரு கச்சேரி ரெக்கார்டிங் வச்சு குடுத்தேன், தனி ஆவர்த்தனம் முடியற வரைக்கும் மனுஷன் ஹெட்ஃபோன கழட்டவே இல்ல. எனக்கு அது போதும்.

ஆனா பிரச்சனை அதுக்கப்புறம்தான். வீட்ல இருக்கறது, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட வாங்கினதுன்னு ஒவ்வொன்னா மாட்டி கேட்டுப் பாக்கறேன், ஒரே ஆம்ப் மாதிரியே இல்ல.

எச்டி 600, 300 ஓம், குரல் அவ்வளவு பக்கத்துல வருது, தம்புரா இழையறது தனியா கேக்குது, பேஸ் ஃபோன்ல கேட்டத விட கொஞ்சம் கனமா நல்லா இருக்கு. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம், இதுவும் சூப்பர், அதுக்கே உரிய அந்த கூர்மையான ட்ரெபிள் அப்படியே இருக்கு, ஜால்ரா சத்தம் கொஞ்ச நேரத்துல காத குத்துது, ஆனா அது எதுல போட்டாலும் அப்படித்தான். கிராடோ எஸ்ஆர்80, 32 ஓம், இதுதான் எனக்கு பெரிய ஏமாற்றம், ஃபோன்ல மாட்டினா துள்ளிக்கிட்டு இருக்கறது இந்த ஆம்ப்ல மாட்டினா பேஸ் கிட்டார் எல்லாம் பொம்முனு ஒரே ஊதலா வருது, ஆனா ரொம்ப அடியில இருக்கற பேஸ் காணோம், ரெண்டும் ஒன்னா எப்படி நடக்கும்னு புரியல. ஹைஃபைமேன் சுந்தரா, ப்ளேனார் (மெல்லிய தட்டைப் படலம் முழுசா ஆடற வகை), முப்பத்தி சொச்சம் ஓம், ஃப்ரெண்டோடது, மெதுவா வச்சா சுத்தமா இருக்கு, வால்யூம் ஏத்துனா தவில் அடி விழற இடத்துல எல்லாம் சத்தம் உடையுது. ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ், 38 ஓம், பாட்டு நிறுத்தினா ம்ம்ம்னு ஒரு ஹம் கேக்குது, எச்டி 600ல அதே ஹம் காத கூர்மையாக்கினாத்தான் தெரியும்.

ட்யூப்னா வார்ம் சவுண்டு, எல்லாத்தையும் இனிமையாக்கும்னு படிச்சுத்தான் கட்டினேன். சர்க்யூட்ல எங்கயாவது தப்பு பண்ணிட்டேனா, இல்ல ட்யூப் மாத்தி பாக்கணுமா? பழைய பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனி வால்வு ஒரு ஜோடி கிடைக்கும்னு ஒருத்தர் சொல்றாரு, வாங்கலாமா?

—

பழைய_ஈயம் எழுதியது:

தம்பி, முதல்ல வாழ்த்துக்கள், அப்பா தனி ஆவர்த்தனம் முழுசா கேட்டார்ங்கறத படிச்சதும் எனக்கே சந்தோஷமா இருந்துச்சு. இப்போதைக்கு ட்யூப் வாங்காதீங்க. நீங்க எழுதினத வச்சு பாத்தா உங்க ஆம்ப்ல தப்பு இருக்கற மாதிரி தெரியல, அந்த சர்க்யூட் எப்படி நடந்துக்கணுமோ அப்படியேதான் நடந்துக்குது.

விஷயம் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு ஆம்ப்க்குள்ளயே இருக்கற தடை. 6080 டேட்டாஷீட்ல பாருங்க, மியூ, அதாவது பெருக்கற அளவு, வெறும் 2, ப்ளேட் ரெசிஸ்டன்ஸ் 280 ஓம். உங்கள மாதிரி கத்தோட்ல இருந்து அவுட்புட் எடுக்கற கத்தோட் ஃபாலோயரா போட்டா 280ஐ 3ஆல (மியூவோட 1 கூட்டி) வகுக்கணும், 93 ஓம் கிட்ட வரும், அது கூட ஒரு பக்கத்துக்கு 125 மில்லி ஆம்ப் ஓடும்போது உள்ள கணக்கு, நீங்க ஓட்டறது 33தான், அதனால இன்னும் கூடத்தான் இருக்கும். ஆக உங்க ஆம்ப்க்குள்ள கண்ணுக்கு தெரியாத நூத்தி சொச்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்னு ஹெட்ஃபோனோட சீரிஸ்ல உக்காந்திருக்குன்னு வச்சுக்கங்க, நீங்க கேட்ட வித்தியாசத்துல முக்காவாசி அங்கதான் இருக்கு.

நீங்களே அளந்து பாத்துருங்க, கஷ்டமே இல்ல. ஃபோன்ல 400 ஹெர்ட்ஸ் சைன் டோன் போட்டு, ஜாக்ல எதுவும் மாட்டாம மல்டிமீட்டர ஏசியில வச்சு 1.00 வோல்ட் வர்ற மாதிரி வால்யூம் வைங்க, அப்புறம் வால்யூம தொடாம ஒரு 330 ஓம் ரெசிஸ்டர லோடா போட்டு திரும்ப அளங்க. வர்ற வோல்டேஜால 1ஐ வகுத்து, அதுல இருந்து 1ஐ கழிச்சு, 330ஆல பெருக்கினா உங்க அவுட்புட் இம்பீடன்ஸ். சாதா மீட்டர் எல்லாம் 1000 ஹெர்ட்ஸ்ல ஒழுங்கா காட்டாது, அதான் 400 சொன்னேன்.

இப்ப ஹெட்ஃபோனுக்கு வருவோம். டப்பாவுல 300 ஓம்னு போட்டிருக்கறது பொதுவா 1000 ஹெர்ட்ஸ்ல உள்ள அளவு. எச்டி 600 மாதிரி டைனமிக் டிரைவர்ல டயஃப்ரம் இயல்பா ஆடற அந்த 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல இம்பீடன்ஸ் மேல ஏறும், எச்டி 600ல 500 ஓமுக்கு மேலயே போகும். உங்க ஆம்ப் 120 ஓம்னு வைங்க, 300 ஓம் இருக்கற இடத்துல ஹெட்ஃபோனுக்கு 71 சதவீதம் வோல்டேஜ் கிடைக்குது, 500 ஓம் இருக்கற இடத்துல 80 சதவீதத்துக்கு மேல கிடைக்குது, கணக்கு போட்டா ஒரு டெசிபல் அளவுக்கு பேஸ் தூக்கலா வரும். அந்த ஒரு டெசிபல்தான் உங்கப்பா ரசிச்ச தொப்பியோட கனம். அளவா இருக்கறதால இனிக்குது.

இதே கணக்க ஒரு 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு போடுங்க. உதாரணத்துக்கு பேஸ் பக்கம் இம்பீடன்ஸ் 64க்கு ஏறுதுன்னா, 32 இருக்கற இடத்துல 21 சதவீதம் கிடைக்குது, 64ல 35 சதவீதம், நாலு டெசிபல் மேல வித்தியாசம். எல்லா 32 ஓம்லயும் இவ்வளவு ஏறாது, ஆனா கிராடோல அந்த ரெசனன்ஸ் நல்லாவே இருக்கு, அதான் பொம்முனு ஊதுது. ப்ளேனார்ல இந்த கதையே கிடையாது, அதோட இம்பீடன்ஸ் கோடு போட்ட மாதிரி ஒரே சீரா இருக்கும், அதனால டோன் மாறாது, நீங்க மெதுவா வச்சப்ப சுத்தமா இருந்துச்சுன்னு எழுதினதே அதுக்கு சாட்சி. ஆனா அதுக்கு கரண்ட் வேணும். உங்க 6080 ஓடறதே 33 மில்லி ஆம்ப்ல, அதுக்கு மேல கீழ்ப்பக்கம் இழுக்க அதால முடியாது. 32 ஓம்ல 33 மில்லி ஆம்ப்னா பீக்ல ஒரு வோல்ட், 17 மில்லிவாட் அவ்வளவுதான், அதுவும் அந்த எல்லைய தொடறதுக்கு முன்னாடியே டிஸ்டார்ஷன் ஏற ஆரம்பிச்சிரும். தவில் அடி அங்கதான் முட்டுது. அதே 33 மில்லி ஆம்ப் 300 ஓம்ல கிட்டத்தட்ட 10 வோல்ட், அங்க உங்களுக்கு கரண்ட் ஒரு பிரச்சனையே இல்ல.

இன்னொன்னு, இப்படி அவுட்புட் இம்பீடன்ஸ் கூட இருக்கறது தப்பான டிசைன்னு நினைச்சுக்காதீங்க. பழைய ஐஇசி 61938 ஸ்டாண்டர்டுல ஹெட்ஃபோன் அவுட்புட்டுக்கு 120 ஓம்னுதான் போட்டிருந்தாங்க, 250 ஓம் 600 ஓம் ஹெட்ஃபோன் எல்லாம் அந்த உலகத்துல இருந்து வந்ததுதான், உங்க ஆம்ப்போட அதுங்களுக்கு நல்லா ஒத்துப் போகும். ஃபோன்ல நேரா மாட்டி கேக்கற காலம் வந்தப்புறம்தான் 32 ஓம் இவ்வளவு பெருகுச்சு.

எம்50எக்ஸ் ஹம்முக்கு காரணம் அது சென்சிடிவ் ஆனது, இருக்கற ஹம்ம பெருசு பண்ணி காட்டுது. ஹீட்டர் வயர ரெண்டையும் நல்லா முறுக்கி சேஸிஸ் ஓரமா கொண்டு போங்க, கிரவுண்ட் எல்லாம் ஒரே புள்ளியில சேருதான்னு பாருங்க. திறக்கறதுக்கு முன்னாடி ப்ளக்க புடுங்கிட்டு, ஃபில்டர் கெப்பாசிட்டர்ல மீட்டர் வச்சு வோல்டேஜ் இறங்கிருச்சான்னு கண்ணால பாத்துட்டு கை வைங்க.

—

வடமராட்சி_வானொலி எழுதியது:

வணக்கம் தம்பி, நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். ஈயம் அண்ணை சொன்னது எல்லாம் சரி, நான் இன்னும் ஒண்டு சொல்ல வேணும். உங்கட 33 மைக்ரோஃபேரட் கப்பாசிற்றர். ஹெட்ஃபோன் 32 ஓம் எண்டால் அந்தக் கப்பாசிற்றரோட சேர்ந்து 150 ஹேர்ட்ஸில இருந்தே பேஸை வெட்டத் தொடங்கும், கணக்குப் போட்டுப் பாருங்கோ. அதாலதான் கிராடோவில அடி பேஸ் காணாமல் போகுது. உதை மாத்தாமல் வேற என்ன செய்தும் பிரயோசனம் இல்லை.

நான் பாவிக்கிறது ட்ரான்ஸ்ஃபோமர் அவுட்புட் ஆம்ப், ஈசிஎல்82 வால்வு, பழைய ரேடியோவில இருந்து எடுத்த சாமான்தான் கனக்க. என்ர மூத்த மகன் 32 ஓம் ஹெட்ஃபோனைத்தான் கொழுவிக் கேக்கிறவன், ஒரு நாளும் ஊதினது இல்லை. ட்ரான்ஸ்ஃபோமர் இருந்தால் வால்வின்ர பெரிய இம்பீடன்ஸை அது இறக்கித் தரும், அதோட அங்க வர்ற கரண்டும் கூடும். பாரம்தான், விலையும்தான், ஆனால் 32 ஓம் கேக்கோணும் எண்டு ஆசை இருந்தால் அந்த வழிதான் நல்லம்.

டியூப் மாத்திறதைப் பற்றிக் கேட்டனீங்கள். நானும் கன பேர் சொல்லக் கேட்டு 12ஏயூ7 நாலைஞ்சு வகை வாங்கி மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தனான். வித்தியாசம் இருக்குத்தான், ஆனால் ஹெட்ஃபோனை மாத்தினால் வாற வித்தியாசத்துக்குப் பக்கத்திலயும் அது வராது. காசு கிடந்தால் முதல்ல ஹெட்ஃபோனுக்குப் போடுங்கோ.

—

பழைய_ஈயம் எழுதியது:

வடமராட்சி ஐயா சொன்ன கெப்பாசிட்டர் விஷயம் நான் விட்டுட்டேன், நல்லா ஞாபகப்படுத்தினீங்க. ஆனா அந்த 150ல ஒரு திருத்தம் இருக்கு ஐயா. கட் ஆகற ஃப்ரீக்வென்ஸி கணக்குல ஹெட்ஃபோன் ஓம் மட்டும் வராது, ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸும் கூட்டித்தான் போடணும், கெப்பாசிட்டர் பாக்கற மொத்த ரெசிஸ்டன்ஸ் அதுதான். 32ம் 120ம் சேந்தா 152, அதோட 33 மைக்ரோ போட்டா 32 ஹெர்ட்ஸ் வரும். 150ல வெட்டுச்சுன்னா பேஸ் கிட்டாரே காணாம போயிருக்கும், அவரு அது ஊதுதுன்னுதான் சொல்றாரு. அவரு கேட்ட அந்த ரெண்டும் ஒன்னா எப்படி நடக்குதுங்கற கேள்விக்கு பதில் இதுதான், 100 ஹெர்ட்ஸ் பக்கம் இம்பீடன்ஸால மேடு, அதுக்கும் கீழ 30, 40ல கெப்பாசிட்டரால பள்ளம். எச்டி 600க்கு அதே 33 மைக்ரோ 12 ஹெர்ட்ஸ் கிட்ட போயிரும், அது எந்த இசைக்கும் போதும்.

சரி பண்ணணும்னா ஃபிலிம் கெப்பாசிட்டருக்கு பேரலல்ல ஒரு 100 மைக்ரோ எலக்ட்ரோலிடிக் போடுங்க, 250 வோல்ட் ரேட்டிங்குக்கு குறையாம, ப்ளஸ் முனை கத்தோட் பக்கம். ஜாக் பக்கத்துல இருந்து கிரவுண்டுக்கு 2.2கே ரெசிஸ்டர் இருக்கான்னும் பாருங்க, இல்லன்னா கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகாம நிக்கும், ஹெட்ஃபோன மாட்டற நேரத்துல டம்முனு ஒரு அடி டிரைவர்ல விழும். ஆன் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு மாட்டற பழக்கம் வச்சுக்கங்க.

—

தேக்கா_டிரையோட் எழுதியது:

சிங்கப்பூர்ல இருந்து. நானும் இதே 6080 சர்க்யூட் மூனு வருஷமா வச்சிருக்கேன், சிம் லிம் டவர்ல சாமான் வாங்கி கட்டினது. ஒரு டெஸ்ட் சொல்றேன், பண்ணிப் பாருங்க, என் கண்ண தொறந்ததே அதுதான்.

நல்ல சாலிட் ஸ்டேட் (ட்யூப் இல்லாத, ட்ரான்சிஸ்டர்) ஆம்ப் ஒன்னு எடுங்க, அவுட்புட் இம்பீடன்ஸ் ஒன்னு ரெண்டு ஓம்க்குள்ள இருக்கறது. ஒரு சின்ன அடாப்டர் வயர் செஞ்சு லெஃப்ட்ல ஒரு 120 ஓம், ரைட்ல ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்க. மறந்தும் பொது கிரவுண்ட் வயர்ல போட்டுடாதீங்க, லெஃப்டும் ரைட்டும் ஒன்னோட ஒன்னு கலந்துடும். இப்ப அதே ஹெட்ஃபோன சாலிட் ஸ்டேட்ல நேரா ஒரு தடவ, ரெசிஸ்டரோட ஒரு தடவ, உங்க ட்யூப் ஆம்ப்ல ஒரு தடவ கேளுங்க. ரெசிஸ்டர் போட்டதும் வந்த மாற்றம் எதுவோ அது ட்யூப் இல்ல, வெறும் இம்பீடன்ஸ். அதுக்கு மேல மிச்சம் இருக்கறதுதான் உங்க 12ஏயூ7ம் 6080ம் தர்றது.

சத்தத்த கண்டிப்பா சமமா வைக்கணும். 400 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஹெட்ஃபோன் முனையில மீட்டர் வச்சு மூனுலயும் ஒரே வோல்டேஜ் கொண்டு வாங்க. கொஞ்சம் சத்தம் கூட இருந்தாலும் காது அதத்தான் நல்லா இருக்குன்னு சொல்லும், இதுல நான் ரெண்டு தடவ ஏமாந்திருக்கேன். ரெண்டு வேற வேற ஹெட்ஃபோன ஒன்னோட ஒன்னு ஒப்பிடறது இந்த மாதிரி சுத்தமா வராது, ஒரே ஹெட்ஃபோன வேற வேற ஆம்ப்ல கேட்டு குறிச்சு வச்சுக்கறதுதான் நம்பலாம்.

சிலர் 32 ஓம்க்கு வொயிட் கத்தோட் ஃபாலோயர் (ரெண்டு ட்ரையோட ஒன்னு மேல ஒன்னு அடுக்கற சர்க்யூட்) போடுன்னு சொல்லுவாங்க. அதுல அவுட்புட் இம்பீடன்ஸ் நல்லா கீழ வரும், ஊதல் போயிடும், உண்மைதான். ஆனா இம்பீடன்ஸ் இறங்கினதால கரண்ட் ஏறிடாது. ஈசிசி88 மாதிரி சின்ன ட்யூப்ல 10 மில்லி ஆம்ப் பீக்னா 32 ஓம்ல 1.6 மில்லிவாட் தான். ப்ளேனார் அதுல நிக்காது.

—

நொய்யல்கரை எழுதியது:

பத்து நாளா பதில் போட முடியல, மன்னிச்சுக்கங்க, எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன். ஒவ்வொருத்தருக்கும் கை எடுத்து கும்புட்டு நன்றி.

முதல்ல அளந்தேன், 1.00 வோல்ட் வச்சு 330 ஓம் போட்டதும் 0.74க்கு இறங்குச்சு, அப்ப 116 ஓம். ஈயம் அண்ணன் வாயில சொன்னது அப்படியே மீட்டர்ல வந்து நிக்கறத பாத்தப்ப இத்தன மாசம் சோல்டர் புகைல உக்காந்ததுக்கு இன்னிக்குத்தான் நான் கட்டினது என்னன்னே எனக்கு புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம் 120 ஓம் டெஸ்ட், ஃப்ரெண்டோட சாலிட் ஸ்டேட் ஆம்ப் வாங்கிட்டு வந்து ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க கேட்டோம், நான் மாத்தி மாத்தி மாட்டி விட அவன் கண்ண மூடிட்டு கேட்டான், அப்புறம் அவன் மாட்ட நான் கேட்டேன். கிராடோல சந்தேகமே இல்ல, ரெசிஸ்டர் போட்டதும் சாலிட் ஸ்டேட்லயும் அதே ஊதல், அச்சு அசல். அதுல ட்யூபுக்கு சம்பந்தமே இல்ல. சுந்தரால ரெசிஸ்டர் போட்டா சத்தம் மட்டும் இறங்குச்சு, வால்யூம் ஏத்தினதும் அதே பழைய சத்தம், டோன் மாறவே இல்ல, தவில் உடையவும் இல்ல, அப்ப என் ஆம்ப்ல உடைஞ்சது கரண்ட் பத்தாமத்தான். எம்50எக்ஸ்ல ரெண்டு பேருக்குமே பெருசா வித்தியாசம் சொல்ல முடியல.

எச்டி 600 தான் எனக்கு ரொம்ப நேரம் எடுத்துச்சு. ரெசிஸ்டர் போட்டதும் அந்த பேஸ் கனம் வந்துருச்சு, மிருதங்கம் கிட்டத்தட்ட ட்யூப் ஆம்ப்ல கேட்ட மாதிரியே இருந்துச்சு. ஆனா பாடறவங்க குரல், அதுவும் மேல் ஸ்தாயில நீட்டி நிறுத்தற இடத்துல, ட்யூப்ல இன்னும் ஏதோ ஒரு குளிர்ச்சி கூட இருக்கு. ஃப்ரெண்டு கண்ண மூடிட்டு பத்துல ஏழு தடவ சரியா சொன்னான், நான் ஆறு. இத வச்சு அடிச்சு சொல்ல மாட்டேன், இன்னும் நிறைய தடவ பண்ணிப் பாக்கணும்.

100 மைக்ரோ போட்டாச்சு, 2.2கே ஒரு பக்கம் நான் போடவே மறந்திருந்தேன், அதான் ஒரு காதுல மட்டும் டம்முனு அடிச்சிருக்கு, இப்ப சரி. கிராடோல அடி பேஸ் வந்துருச்சு, ஊதல் அப்படியேதான் இருக்கு, அது இருக்கும்னு நீங்க சொன்னதுதான். ஹீட்டர் வயர அவுத்து நல்லா முறுக்கி ஓரமா கொண்டு போனேன், எம்50எக்ஸ் ஹம் பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு.

பெல் வால்வு வாங்கல, அந்த காச எடுத்து வச்சிருக்கேன். அப்பாவுக்கு எச்டி 600 அந்த ஆம்ப்லயே இருக்கட்டும். கிராடோவுக்கும் சுந்தராவுக்கும் தனியா ஒன்னு கட்டலாம்னு இருக்கேன், வடமராட்சி அண்ணன் சொன்ன ட்ரான்ஸ்ஃபார்மர் வழி பிடிச்சிருக்கு, ஆனா நல்ல அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் இங்க சுத்தறவங்க யாருன்னு தெரியல. முன்னாடி ட்யூப், பின்னாடி மாஸ்ஃபெட் (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) போட்ட ஹைபிரிட் யாராவது கட்டியிருக்கீங்களா?

—

தேக்கா_டிரையோட் எழுதியது:

கட்டியிருக்கேன், ஸ்டார்விங் ஸ்டூடன்ட்னு தேடுங்க, பீட் மில்லெட்டோட டிசைன். 19ஜே6 ட்யூப், ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட், 48 வோல்ட்ல ஓடும், அதனால நம்ம 6080 சர்க்யூட்ல உள்ள 170 வோல்ட் பயம் இல்லாம பசங்க கூட உக்காந்து கட்டலாம். 19ஜே6 இப்ப சுலபமா கிடைக்காது, அதுக்கு பதிலா 12ஏயூ7 போட்டு மாத்தின சர்க்யூட்டும் உண்டு, உங்ககிட்ட உள்ளதே ஆகும். மாஸ்ஃபெட்டுக்கு ஹீட்சிங்க் பெருசா வைங்க, நான் முதல்ல வச்சது விரல் வைக்க முடியாத சூடு, அப்புறம் ரெண்டு மடங்கு பெருசு மாத்தினேன். அதுலயும் அவுட்புட் கெப்பாசிட்டர் வரும், இப்ப அவுட்புட் இம்பீடன்ஸ் கம்மிங்கறதால வடமராட்சி அண்ணன் போட்ட கணக்கு இங்க ஏறக்குறைய அப்படியே பொருந்தும், 32 ஓம்க்கு 470 மைக்ரோவுக்கு கீழ போகாதீங்க.

—

வடமராட்சி_வானொலி எழுதியது:

கணக்கைத் திருத்தினதுக்கு நன்றி ஈயம் அண்ணை, இவ்வளவு நாளும் நான் அதைக் கூட்டாமல்தான் போட்டுக்கொண்டு இருந்தனான். தம்பி, ட்ரான்ஸ்ஃபோமர் சுத்துறதெண்டால் சிங்கிள் எண்டட் (ஒரு வால்வே முழு அலையையும் ஓட்டுற) ஆம்புக்கு எண்டு சொல்லி, கோரில காத்து இடைவெளி விட்டுச் சுத்தச் சொல்லுங்கோ, இல்லாட்டி டிசி கரண்டில கோர் நிரம்பிப் பேஸ் போயிடும். பழைய வால்வு ரேடியோவில இருந்து கழட்டின அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் ஒரு சோடி கிடைச்சால் முதல் அதில கட்டிப் பாருங்கோ. அப்பாவுக்கும் அது ஒரு சந்தோஷமாய் இருக்கும்.